கழற்றாமல் விட்ட கம்பி

போன கிழமை அக்கரைப்பற்றிலிருந்து ஒரு கராஜ்காரர் தொலைபேசி எடுத்தார். நான் தொழிலை விட்ட பிறகு தொழிலுக்கு வந்தவர், அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பார். ஸலாம் சொல்லி முடிந்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"காக்கா, கார் ஒண்டு வந்திரிக்கி. ஏசியப் போட்டா கொம்பிரசர் எடுக்குதில்ல. காஸ் எறங்கிட்டு போல. காஸ் அடிப்பம் எண்டா கொம்பிரசர் ஓடணும். கொம்பிரசர் ஓடணும் எண்டா காஸ் இரிக்கணும். என்ன செய்யிற?"

பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் முடித்தால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான். எனக்குச் சிரிப்பு வந்தது.

"சுவிட்சிட பிளக்கக் கழட்டிட்டு, அதுக்குள்ள கம்பி ஒண்டப் போட்டு ஓட்டட்டா?"

"போடுங்க. கார் எந்த ஊரால வந்த எண்டு கேட்டீங்களா?"

"அது என்னத்துக்கு காக்கா?"

தொலைபேசியில் அதற்கு நான் பதில் சொல்லவில்லை. வயது போனவர்களுக்குப் புதினம் கேட்கிற பழக்கம் என்று அவர் நினைத்திருக்கலாம். சொல்ல வெளிக்கிட்டால் ஒரு சுனாமியையும் ஒரு சண்டையையும் கடந்து வர வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நான் சாய்ந்தமருதுக்காரன். ஏசி வேலையைச் சவூதியில் தம்மாமில் பழகினேன். ஏழு வருடம் அங்கே கிடந்துவிட்டு ஊருக்கு வந்ததும் கல்முனையில் ஒரு கராஜில் என்னை ஏசிக்கென்று எடுத்தார்கள். அந்தக் காலத்தில் கார் ஏசிக்குக் காஸ் அடிக்கத் தெரிந்தவர்களை எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்குத் தலைக்கனம் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை.

கராஜைக் கொண்டு நடத்தியவர் நடராசா பாஸ். பாண்டிருப்பு ஆள். எஞ்சினில் பெரிய கெட்டிக்காரர். ஏசி பற்றி ஒன்றும் தெரியாது, தெரியாது என்று சொல்ல வெட்கப்படவும் மாட்டார். ஒரு வண்டி வந்து நின்றால் பொனட்டைத் திறக்க மாட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வண்டிக்காரரை ஒரு கதிரையில் இருத்தி, மூன்று கேள்வி கேட்பார். வண்டி எந்த ஊர், ராவைக்கு எங்கே நிற்கிறது, கடைசியாக எப்போது நன்றாக இருந்தது. தலையைக் குனிந்து முழுப் பதிலையும் கேட்பார். ஆளின் கதை மாமியாரின் சுகயீனத்துக்குப் போனாலும் தடுக்க மாட்டார். பிறகுதான் பொனட்.

"நீங்க கத கேட்டு முடிய நான் ரெண்டு வண்டிக்குக் காஸ் அடிச்சிருவன் பாஸ்" என்று பகிடி பண்ணுவேன்.

"அடி தம்பி. வண்டி வாய் தொறந்து கதைக்காது. அதால நான் ஆளக் கேக்கிறன்" என்பார்.

அவர் யாரையும் ஏசியதை நான் கேட்டதில்லை. ஆனால் கோபம் வந்தால் ஒரு அடையாளம் உண்டு. வழக்கமாக என்னை நீ என்று கதைக்கிறவர், அப்போது நீங்கள் என்று கதைப்பார். என் காலத்தில் அதை ஒரே ஒரு முறைதான் கேட்டேன்.

இனி அந்தச் சுவிட்சைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மிச்சம் விளங்காது. ஏசியைப் போட்டதும் கொம்பிரசரின் முகத்தில் இருக்கிற தட்டு 'டக்' என்று ஒட்ட வேண்டும். அப்போதுதான் கொம்பிரசர் சுற்றும். குழாயில் காஸ் குறைந்துவிட்டால் பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தை வெட்டிவிடும், தட்டு ஒட்டாது. காஸோடு சேர்ந்துதான் எண்ணெயும் ஓடுகிறது. காஸ் இல்லாமல் கொம்பிரசர் சுற்றினால் எண்ணெய் இல்லாமல் சூடேறி இறுகிவிடும். ஆக, அந்தச் சுவிட்ச் ஒரு காவல்காரன். காஸ் அடிக்கும்போது மட்டும் பிளக்கைக் கழற்றி, ஒரு கம்பியால் இரண்டு முனையையும் இணைத்து, காவல்காரனைக் கொஞ்சம் ஒதுங்கி நிற்கச் சொல்கிறோம். நீலக் குழாய்ப் பக்கத்தால் மெதுவாக, கேஜைப் பார்த்துப் பார்த்துக் காஸைக் கொடுக்க வேண்டும். போதுமான அளவு ஏறியதும் கம்பியைக் கழற்றி, பிளக்கைத் திரும்பப் பூட்டிப் பார்க்க வேண்டும். தட்டு தானாக ஒட்டினால் சுவிட்சில் குற்றமில்லை, காஸ்தான் எங்கேயோ ஒழுகியிருக்கிறது. பிறகு சவர்க்கார நுரையைப் பூசி அந்த ஒழுக்கைத் தேட வேண்டும். கம்பியைக் கழற்றிப் பார்க்கிற வேலைக்கு ஒரு நிமிடம் போதும்.

சுனாமியில் என் வீடு போனது. என் கூடப்பிறந்த மூத்த ராத்தாவும் போனார். அதை எழுத இந்தக் கட்டுரை போதாது, எழுதாமல் தாண்டிப் போகவும் மனம் கேட்கவில்லை. மருதமுனைக் கடற்கரையில் ஏசிக் கடை வைத்திருந்த ரபீக் என் கூட்டாளி. அவன் கடையோடு போனான். எங்கள் கராஜ் மேற்கே உள்ளுக்குள் இருந்ததால் தப்பியது. கொஞ்ச நாளில் கடலில் நனைந்த வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கின. எந்தப் பிளக்கைக் கழற்றினாலும் உள்ளே உப்புப் பூத்திருக்கும். பிரஷர் சுவிட்சுகள் ஒன்றுவிடாமல் செத்திருந்தன. புதிது கொழும்பிலும் கிடைக்கவில்லை. கம்பியைப் போட்டு, டேப் சுற்றி, அப்படியே விட்டு அனுப்பினேன்.

தொடக்கத்தில் அது பிழையில்லை. காஸ் நிற்கிறதா என்று கேஜில் பார்த்து, ஒழுக்கு இல்லை என்று கண்டு, புதுச் சுவிட்ச் வரும்வரைதான் என்று சொல்லிப் போட்ட கம்பி. போகப் போகப் பார்க்கிறதும் குறைந்தது, சொல்கிறதும் குறைந்தது. எது வந்தாலும் கடல் தண்ணீர் என்றேன். ஹோன் அடித்தால் சத்தம் வரவில்லை என்று ஒருவர் வந்தார். அதற்கும் கடல் தண்ணீர் என்றேன். பிறகு பார்த்தால் எலி வயரைக் கடித்திருந்தது. கராஜே சிரித்தது, நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும், வரவில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம், மேற்கேயிருந்து கச்சான் காற்று அனலாக வீசிய மாதத்தில், ஒரு காலை, சாம்பல் நிறக் கார் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் தவராசா, சவளக்கடையில் வேளாண்மை செய்கிறவர். பின் சீட்டில் அவருடைய மனைவியும் ஆறு வயது மகளும். பிள்ளையின் தலையில் ஈரத் துவாய். மனைவியின் மடியில் ஒரு வாளித் தண்ணீர்.

"புள்ளைக்குக் காச்சலா?" என்று கேட்டேன்.

"இல்ல காக்கா. இவளுக்கு வேர்க்காது" என்றார் தவராசா. "பொறந்ததில இருந்தே வேர்வை இல்ல. வெக்கை பட்டா உள்ளுக்குள்ளயே சூடு ஏறும். அப்பிடியே விட்டா வலிப்பு வந்திரும். மாசத்துக்கு ஒருக்கா கண்டிக்குக் கிளினிக். பஸ்ஸில கொண்டுபோய்க் கொண்டு வரக்கொள்ள நாங்க செத்துப் பொழைக்கிற. அதுக்காகத்தான் வயல வித்து இந்தக் கார எடுத்த. நாளையிண்டைக்குக் கிளினிக். ஏசி வேலை செய்யிதில்ல."

நடராசா பாஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வண்டி எந்த ஊர் வண்டி?" என்று தொடங்கினார்.

நான் அதற்குள் பொனட்டைத் திறந்து சுவிட்சின் பிளக்கைப் பார்த்துவிட்டேன். முனையில் கொஞ்சம் வெள்ளை. பக்கத்தில்தான் பற்றரி, அதன் தலையிலும் அதே வெள்ளைத் தூள்தான் பூத்திருந்தது. அது கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. உள்ளூர்க்காரர் பலர் கடலில் நனைந்த வண்டிகளை மலிவாக வாங்கிய காலம் அது. "இது கடல் குளிச்ச வண்டிதான் பாஸ். கரையில இரிந்து எடுத்திருப்பாரு" என்றேன்.

தவராசா வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பாஸ் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

கம்பியைப் போட்டேன். தட்டு 'டக்' என்று ஒட்டியது. காஸ் கொடுத்தேன். கேஜ் ஏறியது, குழாயில் குளிர் ஏறி வெளியே வேர்த்தது. பிள்ளை முன் சீட்டுக்குத் தாவி, காற்று வருகிற ஓட்டையில் முகத்தை வைத்தாள். பல் குறைந்த வாயால் அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்றைக்கும் ஞாபகம். இறங்கச் சொன்னால் இறங்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. பின்னால் நான்கு வண்டி காத்து நின்றன. கம்பிக்கு டேப் சுற்றினேன், பொனட்டை மூடினேன். அந்த ஒரு நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

ஒரு கிழமை கழித்துத் தவராசா தனியே, பஸ்ஸில் வந்தார். சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து என் கம்பியை எடுத்துக் காட்டினார். டேப் கருகியிருந்தது.

"மகா ஓயா தாண்டிக் காட்டுக்குள்ள கார் நிண்டிட்டு. காஸ் முழுக்க எறங்கி, கொம்பிரசர் இறுகி, பெல்ட் எரிஞ்சு போச்சாம். எஞ்சினும் கொதிச்சிட்டு. ஏசியும் இல்ல, வெளியில காத்தும் நெருப்பு. குடிக்கக் கொண்டு போன தண்ணியெல்லாம் புள்ளைக்கு ஊத்தினம். அதும் முடிஞ்சுது. அவளுக்கு வலிப்பு வந்திட்டு. ஆமிக்காரர்ர தண்ணி பவுசர் ஒண்டு வந்தபடியால் உசிரோட இருக்கிறாள். பவுசர்ர பைப்புக்குக் கீழ புள்ளையப் புடிச்சு நனைச்சம்." கம்பியை என் பக்கம் நீட்டினார். "அங்க கராஜில இருந்த சிங்கள பாஸ் இதக் கழட்டித் தந்தார். இது என்னத்துக்கு காக்கா போடுற?"

நான் என்ன சொன்னேன் என்பதை இத்தனை வருடத்துக்குப் பிறகு எழுதும்போதும் கை பின்வாங்குகிறது. "இது ரபீக் எண்டு ஒராளுட வேல. மருதமுனையில கடை வெச்சிருந்தான். ஒங்களுக்கு முந்தி இந்தக் கார வச்சிருந்த ஆக்கள் அவனுக்கிட்டக் குடுத்திருப்பாங்க. நான் கவனிக்கல்ல. அவன் சுனாமியில மௌத்தாப் போயிட்டான்" என்றேன்.

என் கூட்டாளி. கபுருக்குள் இருக்கிறவன் எழும்பி வந்து இல்லை என்று சொல்ல மாட்டான் என்ற தைரியம்.

தவராசா என் முகத்தைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் எங்கேயோ பார்த்தார். கம்பியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன்.

அன்றைக்கு கராஜ் மூடும் நேரம் பாஸ் என்னைக் கூப்பிட்டார். "லத்தீப், நீங்க எத்தனை வண்டியில கம்பி விட்டிருக்கிறீங்க?" என்று கேட்டார்.

நீங்கள் என்ற அந்தச் சொல் எனக்குச் செருப்படி மாதிரி இருந்தது. ரபீக்கைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுவரில் இருந்த கரும்பலகையைக் காட்டி, ஞாபகம் இருக்கிற வண்டியை எல்லாம் எழுதச் சொன்னார். எழுதினேன். அன்று தொடக்கம் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போவேன். நற்பிட்டிமுனை, நிந்தவூர், காரைதீவு. வீட்டு வாசலில் நின்று, உங்கள் வண்டியில் ஒரு கம்பி விட்டேன், கழற்ற வந்தேன் என்று சொல்ல வேண்டும். சிலர் தேத்தண்ணி தந்தார்கள். ஒருவர் நாயை அவிழ்த்துவிட்டார். சுவிட்ச் வந்ததும் மாற்றிக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகப் பலகையில் அழிந்தது.

பாஸ் எனக்கு ஒரு புதுக் கம்பியும் செய்து தந்தார். அதன் நடுவில் ஒரு சாண் நீள மரக்கட்டையைக் கட்டியிருந்தார். அந்தக் கம்பி உள்ளே இருந்தால் பொனட் மூடாது. காஸ் பற்றி ஒன்றும் தெரியாத மனிதர் செய்த அந்தச் சாமானைவிட நல்ல சாமானை நான் தம்மாமிலும் காணவில்லை. தொழிலை விடும்வரை அதைத்தான் பாவித்தேன்.

பலகையில் கடைசியாக ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. சவளக்கடை. அந்தக் காரில் கம்பி இல்லை, அது எனக்கும் பாஸுக்கும் தெரியும். ஆனாலும் அவர் அதை அழிக்கவில்லை. சோக்கட்டி மங்கினால் திரும்ப எழுதுவார். நான் போகவில்லை. முதலில் வெட்கம். பிறகு புலிகளுக்கும் ஆமிக்கும் திரும்பச் சண்டை மூண்டது. சவளக்கடைக்குப் போகிற கிட்டங்கிப் பாலத்தால் போகப் பயம் என்றேன். பயம் பொய்யில்லை, எங்கள் முஸ்லிம் ஆட்களும் அவர்களின் தமிழ் ஆட்களும் ஒருவர் ஊருக்குள் மற்றவர் போகத் தயங்கிய காலம்தான். ஆனால் நெல்லு லொறிகள் அந்தப் பாலத்தால் போய் வந்துகொண்டுதான் இருந்தன. பாஸ் சீனி வருத்தத்தால் வேலையை விட்டுப் போன நாளில், அந்தப் பெயரைச் சோக்கட்டியால் எழுதாமல் பெயின்டால் எழுதிவிட்டுப் போனார்.

சண்டை முடிந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். வீதியில் பட்டாசு வெடித்தது. சிலர் கொடி பிடித்தார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். நான் கராஜில் அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்கள் பக்கத்தில் எது பிழைத்தாலும் கடல் என்போம், இல்லாவிட்டால் சண்டை என்போம். பாதி உண்மை, பாதி சாட்டு. கடலும் போய், சண்டையும் போன பிறகு, எனக்குச் சொல்லச் சாட்டு ஒன்றும் மிச்சமில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை என் காரை எடுத்துக்கொண்டு கிட்டங்கியைத் தாண்டினேன்.

தவராசா முற்றத்தில் நெல்லுச் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டார். நின்றபடியே சொல்லி முடித்தேன். கம்பி நான் போட்டது, கழற்றாமல் விட்டது நான், ரபீக்கின் பெயரைச் சொன்னது பொய். கடல் தண்ணீரில் சுவிட்ச் செத்திருக்கும் என்று நினைத்துவிட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த நேரத்திலும் எனக்கு ஒரு சாட்டு தேவைப்பட்டது.

அவர் ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார்.

"காக்கா, அந்தக் கார நான் வாங்கினது சுனாமிக்குப் பிறகு. குருநாகல் பக்கத்தால. அது கடலக் கண்டதே இல்ல."

 சுவிட்சில் குற்றமே இருக்கவில்லை. காஸ் ஒழுகுகிறது, ஓட்டாதே என்று அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பாஸ் கேட்ட கேள்விக்கு இந்த மனிதரைப் பதில் சொல்ல விட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அடுத்தது அதற்குப் பிறகுதான் உறைத்தது. சுனாமியில் இறந்த ரபீக், சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்துக்கு வந்த காரைத் தொட்டிருக்கவே முடியாது.

"அப்ப நான் சொன்னது பொய் எண்டு ஒங்களுக்கு அண்டைக்கே தெரியும்."

"ஓம்."

"ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"கேக்கத்தான் வந்த. சட்டையப் புடிக்கிற எண்டுதான் வந்த. உங்கட பாஸ் உங்களுக்குப் பின்னால நிண்டார். நீங்க அதச் சொல்லக்கொள்ள, அந்தாள் என்னப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுத் தலையக் குனிஞ்சார். வயசான மனிசன். மறுகா நான் என்னத்தக் கேக்கிற?"

நான் அழுதேன். வெட்கப்படவில்லை.

அவர் உள்ளே போய், கலண்டர் தொங்கிய ஆணியிலிருந்து அந்தக் கம்பியை எடுத்து வந்தார். "இந்தாங்க, உங்கட சாமான்" என்று என் கையில் தந்தார். காரை எப்போதோ விற்றுவிட்டதாகச் சொன்னார். பிள்ளை அதற்குப் பிறகு எந்தக் காரிலும் ஏற மாட்டாள், ஈரத் துவாயோடு பஸ்ஸில்தான் கிளினிக்குக்குப் போய் வருகிறார்கள். கிளினிக்குக்கு இனி நான் கொண்டு போகிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஏற மாட்டாள் என்கிற மாதிரி.

அவருடைய மகள் மேனகா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பத்து வயது தாண்டிய பிள்ளை, கழுத்தில் ஈரத் துவாய்.

"இந்தக் காருக்குள்ளயும் அந்தக் கம்பி இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல மகள்."

"தொறந்து காட்டுங்க."

பொனட்டைத் திறந்தேன். எட்டி நின்று பார்த்தாள், பிறகு கிட்ட வந்தாள். ஒவ்வொரு வயராக விரலை நீட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டாள். பற்றரி வயர், லைட் வயர், ஹோன் வயர். கடைசியில் சுவிட்சுக்கு வந்தாள். இதுதான் காஸ் இல்லாவிட்டால் நிறுத்துகிறதா என்று கேட்டாள். ஓம் என்றேன். பிளக்கைக் கழற்றிக் காட்டச் சொன்னாள். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டுக் கழற்றினேன், கொம்பிரசர் நின்றது. பூட்டினேன், 'டக்' என்று எடுத்தது. அன்றைக்கு அவள் ஏறவில்லை. கிளினிக் நாளில் போனபோது திரும்பத் திறக்கச் சொன்னாள், எல்லாவற்றையும் பார்த்தாள், ஏறினாள்.

கண்டிவரை கார் குளிர்ந்தபடியே போனது. மகா ஓயா தாண்டும்போது அவள் தகப்பனின் கையைப் பிடித்திருந்தாள், நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தேன். கிளினிக் முடிந்து வெளியே வந்தோம். நான் கதவைத் திறந்துவிட்டேன். மேனகா ஏறாமல் காருக்கு முன்னால் போய் நின்றாள்.

"காலையில பாத்தம்தானே மகள்" என்றேன்.

"அது வாறதுக்குப் பாத்த. இப்ப வீட்ட போகணும்" என்றாள்.

நான் சுற்றி வந்து பொனட்டைத் திறந்தேன்.